பூ ஒன்றுதான், இலை வேறு

என்னோடு உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிய கைகளில் எத்தனை கைகள் இன்று மிச்சமிருக்கின்றன என்று தெரியவில்லை. மிச்சமிருக்கும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற எழுத்து. எழுத்துப் பிழையைப் பேத்தி திருத்திவிடுவாள். விஷயத்தில் பிழை இருக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அருள்புரத்தில் என் கம்பெனிக்கு வழி கேட்டால் எந்த ஆட்டோக்காரனும் நெற்றியைச் சுருக்க மாட்டான். காதர்பேட்டையில் ஒரு பெஞ்சைப் போட்டு, கோணல் தையல் பனியன்களைக் கூவி விற்றுத் தொடங்கியவள் நான். இன்று துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, என்ன கனம் என்று சொல்வேன். படித்த பையன்கள் அதே துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்கம்மா, கரெக்டுங்க" என்பார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. யாரும் தூக்கிவிட்டு ஏறியவள் இல்லை நான்.

போன மழைக்கு முன்னால் என் மகன் ஆபீஸ் முன்புறத்தை அழகு செய்ய ஒரு தோட்டக்காரரை வரவழைத்தான். ஒரு வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்தால் வாசலின் இரண்டு பக்கமும் பச்சைக் கம்பளம் விரித்தது போலக் கொடி படர்ந்து, அதன் மேல் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கள். சின்னச் சூரியகாந்தி போல, காசு அகலத்தில். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். குனிந்து ஓர் இலையைக் கிள்ளினேன். பளபளவென்று, வாத்துக் கால் மாதிரி மூன்றாகப் பிரிந்திருந்தது.

"இத இப்பவே புடுங்கோணும்" என்றேன்.

"ஏம்மா, சும்மா தரையில படர்ற செடிதானுங்க. பூ நல்லா இருக்குதல்லோ?" என்றான் மகன்.

நட்டுக்கொண்டிருந்த ஒரிசாப் பையன் பூவைக் காட்டி, "மாஜி, ஃபூல் அச்சா ஹை" என்று எனக்குச் சமாதானம் சொன்னான். ஃபூல் அச்சாதான். பூவில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கும் பூவில் ஒரு குறையும் இருக்கவில்லை.

மாலைக்குள் பிடுங்கிவிட்டார்கள். மகன் என்னோடு அன்று பேசவில்லை. அவனுக்கு ஒரு பெரியம்மா இருந்தாள் என்பதே அவனுக்குச் சரியாகத் தெரியாது. நானும் சொன்னதில்லை. சொல்ல உட்கார்ந்தால் வாய் வேறு எங்கோ போய்விடும். எழுத்தில் அப்படித் தப்பிக்க முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நான் பாவாடை கட்டிய வயதில் நாங்கள் குடியிருந்தது ஒரு சாயப்பட்டறை வீதியில். அப்பா அங்கே சாய மேஸ்திரி. பனியன் எல்லாம் வெள்ளைதான் அந்தக் காலத்தில். சாயம் போட்டது தறிகளுக்குப் போகும் நூலுக்கு. பங்குனி பிறந்தால் மற்ற நிறங்களை எல்லாம் மூடி வைத்துவிட்டுத் தொட்டிக்குத் தொட்டி மஞ்சள்தான். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊர் மாரியம்மன் கோயில் முன்னாலும் கம்பம் நட்டுத் திருவிழா எடுக்கிற மாதம். அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றப்போகிற பெண்கள் கட்டுகிற மஞ்சள் சேலைக்கெல்லாம் நூல் எங்கள் வீதியிலிருந்து போனது.

அந்த ஒரு மாதம் எங்கள் வீதியைப் பார்த்திருக்க வேண்டும். கொடிகளில் மஞ்சள் நூல் கற்றைகள், சிட்டம் என்போம், வரிசையாகத் தொங்கும். அவற்றிலிருந்து சொட்டிச் சொட்டி மண் மஞ்சள். சாக்கடை மஞ்சள். வெள்ளைக் கோழி ஒன்று இருந்தது, அது மஞ்சள். மனிதர்களைக் கேட்கவே வேண்டாம். முழங்கை வரை, பாதம் வரை, வேர்வையைத் துடைத்த நெற்றி வரை மஞ்சள். சோறு பிசைந்தால் சோற்றிலும் மஞ்சள் ஏறும். வெந்நீரில் சாயம் கரைகிற வாசனை இருக்கிறதே, சோடா உப்பும் சூடும் கலந்து தொண்டையில் இறங்குகிற வாசனை, அது இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கைவிரல் நீளத்துக்கு ஒரு நூலைக் கொடுத்தால் போதும். வெயிலில் பிடிப்பார், நிழலில் பிடிப்பார், பிறகு அதே நிறத்தைத் தொட்டியில் இறக்கிவிடுவார். மஞ்சளிலேயே எலுமிச்சை மஞ்சள், கொன்றை மஞ்சள், பூசுமஞ்சள் என்று அவருக்குள் வேறு வேறு மஞ்சள்கள் இருந்தன. நிறத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. முதலாளியே கேட்டுக்கொள்வார்.

அக்கா அந்தப் பட்டறையில் சிட்டம் பிழிந்தாள். தாவணி போட்டுச் சில வருடம் ஆனவள். இரண்டு கழிகளுக்கு நடுவே ஈரச் சிட்டத்தை மாட்டி முறுக்கினாள் என்றால் ஆம்பளைகள் பிழிந்ததைவிடக் குறைவாகச் சொட்டும். வாய் அதைவிடப் பலம். ஒரு தகர சோப்பு டப்பா வைத்திருந்தாள். அதற்குள் கண்ணாடிச் சில்லு, சாந்துப் பொட்டு, உடைந்த வளையல்கள். அந்த டப்பா எங்கே போனது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

அவளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமாகி இருந்தது. மாப்பிள்ளை வீடு உடுமலைப் பக்கம். வாய்க்கால் பாயும் தோட்டம், தென்னை, எருமை என்று இருக்கிற இடம். சாய மேஸ்திரி மகளுக்கு அப்படி ஓர் இடம் அமைந்தது வீதிக்கே அதிசயம்.

"என்னத்தப் பாத்து உன்னய எடுத்தாங்கன்னே தெரியலயே புள்ள" என்று பக்கத்து வீட்டு அத்தை சீண்டுவாள்.

"மஞ்ச பூசற செலவு மிச்சமாகுமல்லோ அத்தை, அதுக்குத்தான்" என்பாள் அக்கா, இரண்டு கையையும் நீட்டிக் காட்டி.

அந்தப் பங்குனியில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்தில் யாராவது எண்ணெய் காய வைத்தால் எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வெயில் என்றார்கள். கல்யாணக் கவலை என்றார்கள். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து என் காதில் சொன்னாள்: "அப்பன் என்ற வகுத்துக்குள்ளயும் ஒரு தொட்டி வெச்சுட்டாரு புள்ள. உள்ளயிருந்தே மஞ்சளா வருது." நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேறு எந்த ஊரில், வேறு எந்த வீதியில் இருந்திருந்தாலும் அவளைப் பார்த்த முதல் ஆள் கண்டுபிடித்திருப்பான். எங்கள் வீதியில் எல்லோருமே மஞ்சள்.

அம்மாதான் முதலில் அவள் கண்ணைப் பார்த்தாள். "ஏனுங்க, புள்ள கண்ணே ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்றாள் அப்பாவிடம்.

"தொட்டி ஆவி அடிச்சிருக்கும். பட்டறைக்காரி கண்ணு பால் மாதிரியா இருக்கும்?" என்றார் அப்பா.

அம்மா விடவில்லை. பட்டறை விடுமுறையன்று அப்பா ஒரு போசித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கையைத் தேய்த்தார். விரலிலிருந்து தொடங்கினார். சாயம் கழன்று போசித் தண்ணீர் மஞ்சளானது. உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை என்று தேய்த்துக்கொண்டே போனார். சாயம் எல்லாம் போய்விட்டது. கை அப்போதும் மஞ்சளாக இருந்தது.

அப்பா தேய்ப்பதை நிறுத்தினார். அந்தக் கையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். நிழலுக்குக் கொண்டுவந்து பார்த்தார். நூலைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

"இது என்ற மஞ்சளில்லையே" என்றார்.

அம்மா வாயில் சேலையை அமுக்கிக்கொண்டாள். காமாலை என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. சொன்னால் வீதிக்குத் தெரியும். வீதிக்குத் தெரிந்தால் உடுமலைக்குத் தெரியும்.

பல்லடத்துக்கும் அப்பால் ஓர் ஊரில் காமாலைக்கு மருந்து கொடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். வெடியாலே கிளம்பி, பிரைவேட் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் போனோம். அந்த அம்மா அக்காவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே போய் இலையை அரைத்து ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டை கொண்டுவந்து, மோரில் கலக்கிக் குடிக்க வைத்தாள். "உப்பு, எண்ணெய் ஆகாதுங்க. வெயில்ல தலை காட்டக் கூடாது. ஒரு வேலையும் செய்யக் கூடாது, படுத்தே கெடக்கோணும். அதான் மருந்து. இந்தத் தழை அதுக்குத் தொணை" என்றாள். தினமும் அவ்வளவு தூரம் வர முடியாது என்று அப்பா சொன்னதும், கிணற்றடியிலிருந்து வேரோடு ஒரு கொடியைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். "மஞ்சக் கரிசாலைங்க. ஈரம் காயாம பாத்துக்கங்க, கணுவுக்குக் கணு வேர் உடும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தச் சாக்குச் சுருள் எங்கள் இருவர் மடியிலும் பாதிப் பாதியாக இருந்தது. அக்கா ஜன்னலோரம். ஒரு பூவைப் பிய்த்துப் பார்த்தாள். "இது ஒரு பூவில்ல புள்ள, இங்க பாரு, நடுவுல ஒரு கும்பலே குடியிருக்குது. சூரியகாந்திக்கும் செவ்வந்திக்கும் சொந்தக்காரி போலிருக்குது" என்றாள். இலையை நான் தடவினேன். இரண்டு பக்கமும் சொரசொரவென்று பூனை நாக்கு மாதிரி இருந்தது. ஈட்டி போல நீளமாக, ஓரத்தில் வெட்டு இல்லாமல். கணுவுக்கு இரண்டு இலை, எதிரும் புதிருமாக. பூ மட்டும் நீளக் காம்பில் தனியாக நிற்கும். அன்றைக்குப் பார்த்தது, இன்றைக்கும் கண்ணைக் கட்டிவிட்டு எந்தக் கொல்லையில் விட்டாலும் விரலால் கண்டுபிடிப்பேன். துணியைத் தடவிக் கனம் சொல்கிறேனே, அந்தத் தடவல் எனக்கு வந்தது அந்த பஸ்ஸில்தான்.

அக்காவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் பட்டறைக்கு அனுப்பாமல் படுக்க வைத்தார்கள். கொடியை வீட்டுக்குப் பின்னால் ஓர் உடைந்த தாழியில் நட்டோம். சாயத் தண்ணீர் படாமல் கல்லை அடுக்கினாள் அக்கா. ஆனால் எங்கள் வீதியில் நல்ல தண்ணீர் எங்கே இருந்தது? குழாயில் எப்போதாவது ஒழுகும். அது குடிக்கவே போதாது. பட்டறைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். அதிலேயே சாயம் இறங்கியிருக்கும் போல. முதலில் துளிர் கருகியது. பிறகு அடி இலை சுருண்டது. மருந்துக்குக் கிள்ளக் கிள்ள மிச்சமிருந்ததும் குறைந்துகொண்டே வந்தது. அக்கா தாழியின் மேல் குடை மாதிரி ஒரு கிழிந்த முறத்தைக் கவிழ்த்து வைப்பாள்.  கடைசியில் ஒற்றைப் பூ மட்டும் காம்போடு நின்றது.

அப்பா அந்தப் பூவோடு ஒரு நூலைச் சேர்த்துப் பிடித்து, அந்த மஞ்சளை அளந்துகொண்டார். பல்லடத்து அம்மாவின் கிணற்றடியிலும் வெயிலில் கொடி காய்ந்துவிட்டதாம். நூலை மடியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினார். உச்சி வெயிலில் போய்ப் பொழுது சாயத் திரும்புவார். ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக, தோளில் ஒரு பெரிய சுமையோடு வந்தார். ஒரு மில் முதலாளி பங்களாவில், புல்வெளி ஓரம் பூராவும் இருந்ததாம். அங்கே தோட்டக்காரனிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். நூலை எடுத்துப் பூவோடு வைத்துக் காட்டினார். "பாத்துக்கங்க. ஒரு நூல் வித்தியாசம் இல்ல" என்றார்.

நூலும் பூவும் ஒன்றாகத்தான் இருந்தன. நான் இலையைத் தொட்டேன். வழவழவென்று மெழுகு மாதிரி இருந்தது. மூன்றாகப் பிரிந்திருந்தது.

"அப்பா, இது அதில்லீங்க. எல வேறயா இருக்குதுங்க" என்றேன்.

"நல்ல எடத்துல, நல்ல தண்ணியில வளந்தது. எல கொழுத்துத்தான் இருக்கும்."

"அது சொரசொரன்னு இருந்துச்சுங்க. இப்படிப் பிரிஞ்சிருக்காதுங்க."

"மஞ்சளப் பத்தி எனக்குப் பாடம் சொல்றியா நீ? என்ற வயசுக்கு நான் பாக்காத மஞ்சளா?" என்றார். குரல் அதட்டலாகத்தான் இருந்தது. கண் அதட்டவில்லை. அது கெஞ்சியது என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றேன்.

"அவளுக்கென்னங்க தெரியும், குடுங்கப்பா" என்று அக்கா அந்தத் தழையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய், "அக்கா, அது இல்லக்கா இது" என்றேன். அவள் குழவியை நிறுத்தவில்லை.

"தெரியும்டி."

"அப்பறம் எதுக்குத் திங்கற?"

"அப்பன் கால்ல பாத்தியா, கொப்பளம்? செருப்பு அந்துபோயி வெறுங்காலோட நடந்திருக்குது. இதத் திங்கலீன்னா அந்த மனுசன் மறுக்கா கெளம்பீரும்." சிறிது நேரம் அரைத்துவிட்டுச் சொன்னாள்: "தழைதானே புள்ள. ஆடு திங்கறதில்லையா?"

மிச்சக் கொடியைத் தாழியில் நட்டார் அப்பா. அந்தச் செடி எங்கள் கெட்ட தண்ணீரிலும் வளர்ந்தது. தாழியை நிறைத்து, தரையில் இறங்கி, கல்லைத் தாண்டிச் சாக்கடை ஓரத்திலேயே பூத்தது. அப்பா தினமும் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். செடி தழைக்கத் தழைக்க மகளும் தேறிவிடுவாள் என்று அவருக்கு ஒரு கணக்கு. உண்மையாகவே அக்கா சற்றுத் தேறினாள். கொஞ்சம் கஞ்சி இறங்கியது. அது இலையால் இல்லை, அந்தச் சில நாள் படுத்துக் கிடந்ததால் என்று நான் இன்று சொல்வேன். அன்றைக்கு யார் கேட்பார்கள்?

அப்போதுதான் சம்பந்தியம்மா வந்தாள். மாப்பிள்ளையின் தாய். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம், இளநீர்க் குலையும் மல்லிகைப்பூவுமாக வாசலில் வந்து நின்றாள். ஒறம்பரை வந்துவிட்டது என்றதும் அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. அக்காவைப் பாயிலிருந்து எழுப்பி, பாயைச் சுருட்டி, முகத்தைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினாள். கல்யாணம் ஆகப்போகிற பெண் மாமியார் முன்னால் தலையை நிமிர்த்தக் கூடாது என்பது அன்றைய மரியாதை. அக்கா நிமிரவே இல்லை. அவள் கண்ணைச் சம்பந்தியம்மா பார்க்கவில்லை.

"நிமுந்தே பாக்க மாட்டீங்குது, தங்கமான புள்ள" என்று கன்னத்தை வழித்தாள். பிறகு கையைப் பிடித்துப் பார்த்தாள். அக்கா பட்டறைக்குப் போகாமல் இருந்ததால் சாயம் வெளுத்திருந்தது. "என்னுங்க அண்ணி, புள்ள கை இப்படி மஞ்சளிச்சுக் கெடக்குது?"

"சாயம்ங்க" என்றாள் அம்மா. "எந்நேரமும் தொட்டியிலயே நிக்கிறாள்ங்க. எத்தன சொன்னாலும் கேக்கறதில்லீங்க."

"வேலைக்காரப் புள்ளதான், நல்லது" என்று சம்பந்தியம்மா சிரித்தாள். "கம்பத்துக்கு எங்க ஊட்டாளுங்க எல்லாரும் இங்க வருவோம். அப்ப பாக்கறேன் கண்ணு." மல்லிகையை அவளே அக்கா தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் பஸ் ஏறும் வரை அம்மா வாசலில் நின்றாள். உள்ளே வந்து அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாயம் என்று சொல்லியாகிவிட்டது. கையில் சாயம் இருக்க வேண்டுமே.

மறுநாளிலிருந்து அக்காவைப் பட்டறைக்கு அனுப்பினார்கள்.

  சும்மா வந்து கையை மட்டும் நனைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தால் போதும் என்றுதான் அப்பா சொன்னார். கம்பத் திருவிழா நெருங்குகிற நேரத்தில் ஒரு பட்டறையில் யார் சும்மா உட்கார முடியும்? பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அவள் உட்காரவில்லை. அப்பா கலக்கிய மஞ்சளில் முழங்கை வரை கையை விட்டாள், பிழிந்தாள், கொடியில் போட்டாள். போட்டுவிட்டுக் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டு அத்தை, "என்ன புள்ள, மாப்பிள்ளை நெனப்பா? கம்பத்தக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கிற" என்பாள். "ஆமாங்கத்தை, இதுவும் அவியளாட்டம் பேசவே மாட்டீங்குது" என்பாள் அக்கா. சுற்றி எல்லோரும் சிரிப்பார்கள். அவள் ஒரு நாளும் அப்பாவைக் குறை சொன்னதில்லை. அம்மாவையும்தான்.

என் கம்பெனியில் இன்று யாருக்காவது கண் மஞ்சளடித்திருந்தால், அது தென்மாவட்டத்துப் பிள்ளையோ பீகார்ப் பையனோ, நானே வண்டியில் ஏற்றி ரத்தம் சோதிக்க அனுப்புகிறேன். குணமாகும் வரை சூப்பர்வைசர் கூப்பிட்டால்கூட உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருமுறை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: அந்த இலை நிஜ இலையாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. "கெட்ட தண்ணியால வர்ற நோவும்மா. நெறைய பேருக்கு ஓய்விலயே தேறீரும். சிலருக்கு ஈரல் கெட்டுப்போகும். அவங்கள ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் பாக்கோணும். எலையைப் பத்தி நான் என்ன சொல்றது?" என்றாள். அவள் என்ன சொல்வாள்? பல்லடத்து அம்மாவும் இதைத்தானே சொன்னாள். எங்கள் வீட்டில் எல்லோரும் துணையைப் பிடித்துக்கொண்டு மருந்தை விட்டுவிட்டார்கள்.

கம்பம் நட்ட அன்று காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் வேறு என்னவோ பேசினாள். என்னைப் பார்த்து, "சிட்டத்த எறக்கு புள்ள, மழ வருது" என்றாள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. முதலாளியின் காரைக் கேட்டு வாங்கிக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டர் அவள் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் கேட்டாராம்: "கையில என்னய்யா இது?"

"சாயம்ங்க" என்றாராம் அப்பா.

மறுநாள் அதே காரில் திரும்பி வந்தார்கள். கம்பம் நின்றுகொண்டிருந்த ஊரில் சாவுப் பறை அடிக்கக் கூடாது. சத்தமாக அழவும் விடவில்லை. தெருவெல்லாம் மஞ்சள் சேலைகள் ஈரத்தோடு போய்க்கொண்டிருந்தன. எல்லாம் எங்கள் வீதி நூல். அக்கா பிழிந்த சிட்டம் அதில் எத்தனையோ. அக்காவை வேக வேகமாக எடுத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். கம்பம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தவர்கள். சம்பந்தியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு, "என்னுங்க ஆச்சு? அன்னைக்கு நல்லாத்தானே நின்னா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். இனி மறைத்து என்ன செய்ய? அம்மா சொன்னாள். "காமாலைங்க. உங்களுக்குத் தெரிஞ்சா வேண்டாம்னு போயிருவீங்கன்னு பயந்துட்டோம்ங்க."

சம்பந்தியம்மா அழுகையை நிறுத்திவிட்டு அம்மா முகத்தையே பார்த்தாள்.

"என்ற மகனுக்கே போன வருசம் வந்துச்சுங்க" என்றாள். "நாங்க சொல்லாம மறைச்சோம், நீங்க வேண்டாம்பீங்கன்னு. படுக்கப் போட்டு, எங்க வாய்க்கா மேட்டுத் தழையக் குடுத்து, எந்திரிக்கவே உடாம பாத்துக்கிட்டோம்ங்க. எங்க வாய்க்கா மேடு பூரா மஞ்சக் கரிசாலைதானுங்க. ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புள்ளையக் கையோட கூட்டீட்டுப் போயிருப்பேனே. தாலி கட்டாட்டிப் போகுது, என்ற மகளாட்டம் படுக்க வெச்சிருந்திருப்பேனே."

 அதற்குப் பிறகு அம்மா அக்காவுக்காக அழுது நான் பார்த்ததில்லை. அழுகிற இடத்தில் அந்த வார்த்தை போய் உட்கார்ந்துகொண்டது போல.

அப்பா அங்கேதான் சுவரோரம் இருந்தார். கேட்டார். எழுந்து பின்பக்கம் போனார். அந்த மூன்று விரல் இலைச் செடியை அவர் பிடுங்கிப் போடுவார் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். பிடுங்குவதற்குக் கை வரவில்லை போலும். அவள் அதைத் தின்றிருக்கிறாளே.

கம்பம் பிடுங்கி ஆற்றில் விட்ட மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். "வா கண்ணு" என்றார், எங்கே என்று சொல்லவில்லை. பஸ் ஏறினோம். உடுமலைக்குப் போகிற பஸ். இறங்கி மண் பாதையில் நடந்தோம். அது வரை நான் பார்க்காத பச்சை அது. தென்னைக்கு நடுவே வாய்க்கால் தெளிந்த தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. மேட்டின் இரண்டு பக்கமும் கண் போகிற தூரம் வரை மஞ்சள் பூ.

அப்பா மேட்டில் குந்தினார். பூவைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓர் இலையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, மேலும் கீழும் தடவினார். அந்த விரல்கள் சாயம் ஏறி ஏறித் தோல் தடித்தவை. அவற்றுக்கு அந்தச் சொரசொரப்பு தெரிந்ததோ இல்லையோ. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இதுதானா கண்ணு?" என்றார்.

எத்தனையோ பேர் இந்த ஐம்பது வருடத்தில் என்னிடம் நிறம் கேட்டிருக்கிறார்கள், துணி கேட்டிருக்கிறார்கள், சரியா தப்பா என்று கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னது சரியாக இருந்து, அதற்காக அவ்வளவு துக்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"இதுதானுங்கப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தோள் துண்டை எடுத்து மேட்டில் விரித்தார். பறிக்க ஆரம்பித்தார். நுனியைக் கிள்ளி, கணுவுக்குக் கணு நல்ல இலையாகப் பார்த்து, மண் ஒட்டியதை வாய்க்கால் தண்ணீரில் அலசி, துண்டில் வைத்தார். தோட்டத்து வீட்டிலிருந்து சம்பந்தியம்மா எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள்.  யாருக்கு என்று கேட்டுவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவள் கேட்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவளும் பறித்தாள்.

துண்டு நிறைந்துவிட்டது. அப்பா இன்னும் பறித்துக்கொண்டிருந்தார். நான் என் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.